முதல் வார்த்தைக்குப் பிறகு

காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கடல் கடந்து போகும் தொண்டர்களைப் பற்றிய கதைகளுக்கும் படங்களுக்கும் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஊரும் பாஷையும் தெரியாத ஓர் இடத்தில் ஆசிரியை போய் இறங்குகிறாள். பெரும்பாலும் ஆசிரியைதான். குழந்தைகள் முரண்டு பிடிக்கிறார்கள். ஊரார் கேலி செய்கிறார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று ஓர் இரவு அவள் யோசிக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில், எல்லாரிலும் பிடிவாதமான ஒரு குழந்தை ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுகிறது. "அம்மா" என்றோ, "தண்ணீர்" என்றோ. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கதை முடிந்துவிடுகிறது.

நானும் கதை எழுதுகிறவன். வாசகர் எந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று தெரிந்து வைத்திருப்பது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. ஆகவே இந்த உத்தியின் மேல் எனக்குத் துவேஷம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கதையை வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த முதல் வார்த்தைக்குப் பிறகு குழந்தை என்ன சொல்லிற்று? பக்கத்துப் பையன் பென்சிலைத் திருடிவிட்டான் என்று கோள் சொல்லிற்றா? இன்றைக்குச் சாம்பார் நன்றாக இல்லை என்று முகத்தைச் சுளித்ததா? ஆசிரியைக்கு மூக்கு நீளம் என்று தோழியிடம் சொல்லிச் சிரித்ததா? ஒரு குழந்தைக்குப் பாஷை வந்துவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளம். ஒரே ஒரு வார்த்தை பாஷை ஆகாது; அது வித்தை. வித்தையோடு கதையை முடித்துக்கொள்கிற எழுத்தாளர் ஆசிரியையின் வெற்றியைச் சொன்னாரே ஒழிய, குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த வாய்ப்பாட்டுக்குப் பெரிய முன்மாதிரி வில்லியம் கிப்ஸன் எழுதிய 'தி மிராக்கிள் வொர்க்கர்' நாடகம். 1957ல் டெலிவிஷனில் வந்தது, 1959ல் மேடையேறியது, 1962ல் ஆர்தர் பென் அதைப் படமாக்கினார். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆன் சல்லிவன் என்ற இருபது வயதுப் பெண் பாடம் சொல்ல வந்த கதை. பாஸ்டனிலிருந்து அலபாமாவுக்குப் போனது கடல் கடந்த பயணம் அல்ல. ஆனாலும் வடக்கே இருந்து போனவளுக்கு அந்தக் காலத்துத் தெற்கு ஏறக்குறைய அந்நிய தேசமாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர்க் குழாயடியில் கதை உச்சத்துக்குப் போகிறது. நாடகத்தின் தலைப்பே ஆசிரியையின் பட்டம், அற்புதம் செய்கிறவள். இந்தியில் சஞ்சய் லீலா பன்சாலி 2005ல் 'பிளாக்' என்று எடுத்தபோதும், அமிதாப் பச்சன் நடித்த ஆசிரியர் பாத்திரம்தான் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

நடந்த விஷயம் நாடகத்தைவிட ருசியானது. 1903ல் வெளியான ஹெலன் கெல்லரின் சுயசரிதையோடு சல்லிவனின் கடிதங்களும் சேர்ந்து அச்சாகியிருக்கின்றன. ஆசிரியை வருவதற்கு முன்பே ஹெலனுக்குச் சொந்தமாகச் சைகைகள் இருந்தன. ரொட்டி வேண்டுமென்றால், ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவுகிற மாதிரி கையை அசைப்பாள். சமையல்காரியின் மகளான சிறுமி ஒருத்திக்கு அந்தச் சைகைகள் நன்றாகப் புரிந்தன. சல்லிவனோ, ஹெலனின் உறவுக்காரக் கைக்குழந்தை ஒன்று பேச்சைப் புரிந்துகொள்வதை உட்கார்ந்து கவனித்துவிட்டு, நேரம் குறித்துப் பாடம் நடத்துவதையே நிறுத்திவிட்டாள். கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரி முழு வாக்கியங்களாக ஹெலனின் கையில் பேசிக்கொண்டே இருந்தாள். அப்படிப் பேசுவதற்கான விரல் எழுத்து அவளுக்கு எங்கிருந்து வந்தது? பாஸ்டனில் தன்னோடு ஒரே பள்ளியில் வாழ்ந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணோடு பேசுவதற்காகக் கற்றுக்கொண்டது. லாராவும் கண்ணும் காதும் இழந்தவள்தான். ஆக, அற்புதம் என்று நாம் கும்பிடுகிற காரியத்தில் மூன்று பேருக்குப் பங்கு இருக்கிறது: பார்வையும் கேள்வியும் இல்லாத ஒரு மூத்த பெண், ஒரு சமையல்காரியின் மகள், ஒரு கைக்குழந்தை. நாடகம் இவர்களை ஓரம் கட்டிவிட்டு ஒருத்தியை மட்டும் நடுவில் நிறுத்துகிறது. மேடைக்கு அது சௌகரியம். உண்மைக்கு அல்ல.

இந்த வாய்ப்பாடு நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் காரணம் தூரத்தில் இல்லை. நம் மரபில் படிப்புக்கே காதுதான் வாசல். வேதத்துக்குச் சுருதி என்று பெயர். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும் கல்லாமைக்கு ஓர் அதிகாரமும் எழுதிவிட்டு, அடுத்தபடியே கேள்விக்கு ஒன்று வைத்தார். படிக்காதவனும் கேட்டாவது தேறலாம் என்பது நம் நம்பிக்கை. அப்படியானால் கேட்க முடியாதவன் கதி என்ன? "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று பழமொழி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். பிறவியிலேயே காது கேளாதவருக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கில்லை என்ற சாஸ்திர விதியை 1928ல் சட்டம் போட்டுத்தான் நீக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மனத்துக்கு, வெளியிலிருந்து ஒருவர் வந்து காது கேளாத குழந்தைக்குக் குரல் கொடுப்பது உயிர் கொடுப்பதாகவே தோன்றும்.

நம் படங்களில் இரண்டை மட்டும் இந்த விஷயத்தில் விலக்காகச் சொல்லலாம். குல்சார் 1972ல் இந்தியில் எடுத்த 'கோஷிஷ்', 1977ல் தமிழில் கமல் ஹாசனும் சுஜாதாவும் நடித்த 'உயர்ந்தவர்கள்' ஆயிற்று. அதில் கணவன் மனைவி இருவருமே காது கேளாதவர்கள். ஆகவே அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். கேட்கிறவர்களின் தயவுக்காக அவர்களுடைய குடும்பம் காத்திருக்கவில்லை. தலைப்புத்தான் அவர்களை மறுபடியும் பீடத்தில் ஏற்றிவிட்டது. ராதாமோகனின் 'மொழி' 2007ல் வந்தது. அதில் சங்கீதமே தொழிலாகக் கொண்ட கதாநாயகன், தான் விரும்புகிற பெண்ணோடு பேச அவளுடைய பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. யார் யாருக்கு மாணவன் என்பதை அந்தப் படம் திருப்பிப் போட்டது. இந்தத் திருப்பம்தான், கடல் கடந்து போன ஆசிரியர்களின் நிஜச் சரித்திரத்திலும் முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒரு கப்பல் பயணம். அமெரிக்காவில் காது கேளாதோருக்கு நிரந்தரமான பள்ளி ஏதும் இல்லாத காலம். ஹார்ட்ஃபோர்ட் நகரத்துக்காரர்கள் தாமஸ் காலடெட் என்ற இளம் பாதிரியாரை, போதனா முறையைக் கற்று வரும்படி 1815ல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் அந்த வித்தை பிரெய்ட்வுட் என்ற குடும்பத்தின் கையில் தொழில் ரகசியமாக இருந்தது. கேட்டவுடன் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. காலடெட் பாரிஸுக்குப் போனார். அங்கே காது கேளாதோர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த லோரன் கிளெர்க்கைத் தன்னோடு அமெரிக்காவுக்கு வரச் சம்மதிக்க வைத்தார். கிளெர்க்குக்குக் காது கேளாது, ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது, வயது முப்பது. 1816 ஜூன் மாதம் இருவரும் கப்பல் ஏறினார்கள். ஐம்பத்திரண்டு நாள் பயணத்தில் கிளெர்க் காலடெட்டுக்குச் சைகை மொழி கற்றுக் கொடுத்தார். காலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். 1817ல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. சில வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் கிளெர்க்கின் ஒப்பந்தம். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, 1869ல் ஹார்ட்ஃபோர்டிலேயே இறந்தார். அமெரிக்கக் காது கேளாதோர் பேசும் பாஷையில் பிரெஞ்சுச் சைகைகளின் சாயல் இன்னும் இருக்கிறது.

அந்நிய நாட்டுக்கு ஆசிரியராகப் போன இந்த மனிதரின் கதையில் குழாயடி இல்லை. அழுகை வரவழைக்கும் முதல் வார்த்தை இல்லை. கப்பல் தளத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாத்தியாராகவும் மாணாக்கனாகவும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எங்கே கிடைக்கும்?

நம் நாட்டுக்கு வருவோம். 1890களில் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்ஸன் என்ற ஆங்கில மிஷனரி காது கேளாத குழந்தைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. அவர் சார்ந்திருந்த அதே மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மேரி சாப்மன் 1912ல் இலங்கையில் ஒரு பள்ளியும் 1920ல் ரங்கூனில் ஒரு பள்ளியும் தொடங்கினார். காது கேளாத குழந்தைகளைப் பெற்றோரே மூலையில் உட்கார வைத்திருந்த காலத்தில், எங்கிருந்தோ வந்த பெண்கள் அவர்களுக்குப் பெஞ்சும் பலகையும் கொடுத்தார்கள். இதைச் சிறிய விஷயமாக நான் சொல்ல மாட்டேன். மத நோக்கம் இருந்தது என்பதற்காக இதைத் தள்ளிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன, கல்லில் பொறித்திருக்கிறது. அவர்களிடம் படித்த முதல் குழந்தைகளை நமக்குத் தெரியாது. விளக்கணைக்கிற வரையில் விடுதியில் அந்தக் குழந்தைகள் கையால் என்ன பேசிக்கொண்டார்கள்? திருநெல்வேலிப் பையனும் நாகர்கோவில் பையனும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெவ்வேறு சைகைகள் எப்படி ஒன்று கலந்தன? இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு கை எழுத்து முறை இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துக்களுக்காக நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பாஷையின் இலக்கணம் இங்கிலாந்திலிருந்து வந்ததல்ல. கேள்விச் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது போன்ற விதிகளை இங்கே உள்ளவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எழுத்தைக் கொடுத்தவர்கள் சரித்திரத்தில் இருக்கிறார்கள். பாஷையை உண்டாக்கியவர்களைக் காணோம். இலக்கியம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கற்பிக்கப் போகிறவர் கற்றுக்கொள்ள மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1880ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி மகாநாடு ஒன்று கூடியது. சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுத்தான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். தீர்மானத்துக்குப் பிறகு பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தீர்மானங்களை அதே மகாநாட்டின் வழிவந்தவர்கள் வருத்தத்தோடு நிராகரித்தது 2010ல்தான். இடையில், 1960ல், வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கில இலக்கிய ஆசிரியர் வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரிக்கு வேலைக்கு வந்து, மாணவர்களின் கையசைப்பைக் கவனித்து, இது முழுமையான பாஷை என்று நிரூபித்தார். சக ஆசிரியர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மார்க் மெடாஃபின் 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' நாடகம் இந்தச் சண்டையைத்தான் காதல் கதையாக வைத்தது. 1986ல் படமாக வந்தது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், அதே பள்ளியில் படித்து அங்கேயே துப்புரவு வேலை பார்க்கும் சாரா என்ற பெண்ணைப் பேச வைக்க ஆசைப்படுகிறார். அவள் பேச மறுக்கிறாள். பேசத் தெரியாததால் அல்ல. தன் பாஷையில் தான் முழு மனுஷி என்பதால். வாய்ப்பாட்டுக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. சாராவாக நடித்த காது கேளாத நடிகை மார்லி மாட்லினுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் படமாக்கியவர்களுக்குக் கடைசியில் துணிச்சல் போதவில்லை. சாரா கையால் சொல்வதையெல்லாம் ஆசிரியர் தம் வாயால் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவளுடைய கட்சி அவர் குரலில்தான் நம் காதுக்கு வருகிறது. கொள்கையில் ஒப்புக்கொண்டதை உருவத்தில் கைவிட்டுவிட்ட படம் என்று சொல்லலாம்.

காது கேளாதவரே கடல் கடந்து போனால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், அதற்கும் பதில் அவ்வளவு சுலபமில்லை. ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற அமெரிக்கக் கறுப்பர், பதினோரு வயதில் காது போனவர், 1957ல் கானா நாட்டின் அக்ரா நகரில் பள்ளி தொடங்கினார். 1987ல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் ஆப்பிரிக்காவில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை உண்டாக்கியிருந்தார். மகத்தான வாழ்க்கை. ஆனால் அவர் கொண்டுபோனது அமெரிக்கச் சைகை மொழி. அதே கானாவில் அடமொரோபே என்ற கிராமத்தில், பல தலைமுறைகளாகக் காது கேளாதவர்கள் அதிகம் பிறந்ததால், ஊர் ஜனங்கள் எல்லாருமே பேசும் ஒரு சைகை மொழி இருந்தது. பள்ளிப் பாஷை வந்த பிறகு அது தேய்ந்துகொண்டிருக்கிறது. கொடுக்கிற கை நல்ல கையாக இருந்தாலும், ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு நேர் எதிரான சம்பவம் நிகராகுவாவில் நடந்தது. 1977ல் தலைநகர் மானாகுவாவில் காது கேளாத குழந்தைகளை முதல் தடவையாகப் பெரிய அளவில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். வகுப்பில் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். அது ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் குழந்தைகள் தாங்களாகவே ஒரு பாஷையை உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சிறு குழந்தைகள் அதற்கு இன்னும் நுட்பமான இலக்கணம் கொடுத்தார்கள். குழந்தைகள் என்ன பேசுகிறார்கள் என்று ஆசிரியர்களுக்கே புரியாமல், 1986ல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞரை அழைத்தார்கள். அவர் போய்ச் செய்த வேலை குழந்தைகளிடம் பாடம் கேட்டதுதான்.

இதெல்லாம் தூரதேசத்துச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாதபடி நான் இருக்கிற ஊர் அமைந்திருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்துத் தெருவில் உருது என்று வாழ்வது சகஜம். காது கேட்கிற குழந்தைக்கு இது வரப்பிரசாதம்; ஐந்து வயதுக்குள் மூன்று பாஷையில் சண்டை போடும். கேளாத குழந்தையை வாய்ப்பேச்சு ஒன்றிலேயே வளர்ப்பது என்று முடிவு செய்தால், எந்தப் பாஷையின் உதட்டைப் படிக்கச் சொல்வது? அம்மாவின் உதட்டில் தெலுங்கு. வாத்தியாரின் உதட்டில் தமிழ். தமிழ் ஒன்றையே எடுத்துக்கொண்டாலும், "பணம்" என்பதும் "மணம்" என்பதும், "பாடு" என்பதும் "மாடு" என்பதும் உதட்டில் ஒன்றேதான். கண்ணாடி முன் நின்று யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

வாய்ப்பேச்சுப் பயிற்சியே வீண் என்று நான் வாதிக்கவில்லை. சென்னையில் 1969ல் தொடங்கிய பால வித்யாலயா போன்ற பள்ளிகள், மிகச் சிறிய வயதிலேயே ஆரம்பித்து, தாயாரையும் கூட உட்கார வைத்துப் பலன் கண்டிருக்கின்றன. காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை இப்போது தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யப்படுகிறது. அது பலிக்கிற குழந்தைகளுக்குப் பலிக்கட்டும். என் கவலை, பலிக்குமா என்று காத்திருக்கும் வருஷங்களைப் பற்றியது. ஒரு குழந்தை முதல் ஐந்தாறு வருஷத்தில் ஏதாவது ஒரு பாஷையை முழுசாகப் பெற்றுவிட வேண்டும். கையால் ஆனாலும் வாயால் ஆனாலும் சரி. அந்தப் பருவம் தவறினால் பிற்பாடு சம்பாதிப்பது மிகவும் கஷ்டம். "எங்கே, அம்மா சொல்லு" என்று குழந்தையின் மோவாயைப் பிடித்துக்கொண்டு அந்த வருஷங்களைக் கழித்துவிடுகிற வீடுகள் இருக்கின்றன. முதல் வார்த்தைக் கதைகள் அந்த வீடுகளுக்கும் போய்ச் சேருகின்றன என்பதுதான் எனக்குச் சங்கடம்.

ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரக் கம்பெனி 1980களில் தொழிற்சாலை வைத்த நாளிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை கொடுத்துப் பேர் வாங்கியது. காது கேளாதவர்களும் அவர்களில் உண்டு. ஷிப்ட் விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றால், தொழிற்பேட்டைப் பையன்களில் சிலர் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கையால் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம். நடுவில் லாரிகள் இரைந்துகொண்டு போகும்; அவர்களுடைய பேச்சு அறுபடாது. ஒருவன் தமிழ்நாட்டுக்காரனாகவும் மற்றவன் கர்நாடகத்துக்காரனாகவும் இருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு எல்லையைத் தாண்ட மூன்றாவது பாஷை ஒன்று தேவைப்படுகிறது. அவர்களுக்குத் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. அவர்களைப் பார்த்து யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் சிரிக்கிறார்கள், வைகிறார்கள், சினிமாவுக்குப் போவதைப் பற்றித் தர்க்கம் செய்கிறார்கள். நம் கதைகளில் இல்லாமல் போன இரண்டாவது வார்த்தையும் மூன்றாவது வார்த்தையும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.

சட்டமும் இப்போது கதைகளைவிட முன்னால் போய்விட்டது. 2015ல் டெல்லியில் இந்தியச் சைகை மொழிக்கென்று தனி ஆராய்ச்சிப் பயிற்சி ஸ்தாபனம் ஏற்பட்டது. 2021க்குள் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி வந்துவிட்டது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறது. கிளெர்க்கை மறந்த உலகம் இருநூறு வருஷம் கழித்து மறுபடியும் அவரிடம் வந்து நிற்கிறது.

நம்மில் யாராவது ஒரு பெண்ணோ பையனோ, பக்கத்துத் தாலுகாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ, காது கேளாத குழந்தைகளிடம் ஆசிரியராகப் போனால் நான் சந்தோஷப்படுவேன். போய் வந்து புஸ்தகம் எழுதினால் இன்னும் சந்தோஷம். அந்தப் புஸ்தகத்தை நான் ஒரே ஒரு அளவுகோலால்தான் அளப்பேன். அதில் குழந்தைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா, அந்தப் பேச்சில் எழுதினவருக்குப் பாதியாவது புரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். முதல் மாதம் முழுவதும் அந்த வகுப்பில் ஊமையாக இருந்தது தாம்தான் என்பதை ஆசிரியர் எழுதியிருந்தால், அது நல்ல புஸ்தகமாக இருக்கும் என்று நம்பி வாங்குவேன்.